அக்காவின் வலது காது

சாந்தோ தீவின் லுகன்வில் ஊரில், தேங்காயெண்ணெய் ஆலையில் எந்திரம் பார்க்கும் ஹோசியா காராயேவுக்கு ஈஸ்டர் கழிந்த இரண்டாவது வாரத்திலிருந்து வலது காதில் அவனுடைய அக்கா கேட்பதெல்லாம் கேட்க ஆரம்பித்தது. அந்த வாரம் கொப்பரை விலை சற்று ஏறியிருந்தது, கப்பல்துறையில் புதுப் பளுதூக்கி வந்திறங்கியிருந்தது, ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டிருந்தது.

அவன் பிறந்தபோது இருந்த வலது காதை பிப்ரவரிப் புயல் கொண்டுபோயிருந்தது. ஜன்னலை அடைக்கப் போனவனின் தலையோரமாகப் பக்கத்து வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பறந்து போனது. வலி தெரிவதற்குள் தகரம் மூன்று வீடு தாண்டிவிட்டது. காதை மறுநாள் காலை செம்பருத்தி வேலியில் கண்டெடுத்தார்கள். மழையில் ஊறி வெளுத்துப் போனதைத் தைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துளை மிஞ்சியது, கேட்பதும் கேட்டது, மூக்குக்கண்ணாடி மாட்டத்தான் இடமில்லை. இடது காதோ ஆறு வயதில் குழியடுப்பின் சுட்ட கற்களிலிருந்து எழுந்த ஆவி அடித்துச் சுருங்கி, காய்ந்த காளானைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. தூண்டில் நரம்பால் கண்ணாடியைப் பின்தலையில் கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வேலைக்குப் போனான். குனியும்போதெல்லாம் அது வழுக்கி எண்ணெய்த் தொட்டியில் விழுந்தது. மூன்றாவது கண்ணாடியும் விழுந்த அன்று ஜோஸ்லினின் பட்டறைக்குப் போனான்.

ஜோஸ்லின் மலெகூலாக்காரி, நூமியாவில் படித்தவள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பழைய கப்பல் கன்டெய்னரில், பொருள்களை முழு உருவமாக அச்சடிக்கும் எந்திரங்கள் மூன்று வைத்திருந்தாள். இது எப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவள் வாசலில் கூடு கட்டும் குளவியைக் காட்டுவாள். குளவி மண்ணில் செய்வதைத்தான் எந்திரம் செய்கிறது. கணினி முதலில் பொருளின் உருவத்தை மயிரிழைக் கனத்துக்கு ஏடு ஏடாக அரிந்துகொள்ளும். பிறகு எந்திரத்தின் சூடான மூக்கு பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடி ஏட்டிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தபடி மேலேறும். இன்னொரு எந்திரத்துக்கு மூக்கு கிடையாது. தொட்டியில் கிடக்கும் பிசின்மேல் வெளிச்சம் விழும், விழுந்த இடம் மட்டும் இறுகும். ஆலையின் பல்சக்கரம் உடைந்தால் சிட்னியிலிருந்து வர ஆறு வாரமாகும். ஜோஸ்லின் ஒன்பது மணி நேரத்தில் நைலானில் ஒன்று செய்து தருவாள், அசல் வரும்வரை அது தாங்கும். வெளித்தீவுகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்குக் குழாய் இணைப்புகள், படகு எஞ்சினுக்கு விசிறி, பல் டாக்டருக்குத் தாடை அச்சு, கால் இழந்தவர்களுக்குக் கட்டைக்காலில் மிச்சக் கால் பொருந்தும் கிண்ணம் என்று எல்லாம் அங்கிருந்து போயின. ஒரே ஒருமுறை, பன்றிக்கொம்பு அடித்துத் தரச் சொல்லி வந்த ஒரு வியாபாரியை அவள் துடைப்பத்தால் விரட்டினாள். வளைந்த பன்றிக்கொம்பு தலைவர்கள் கழுத்தில் தொங்குவது. அது பன்றியின் வாயில்தான் வளர வேண்டும்.

"காது போட்டுடலாம் ஹோசியா. ஆனா அளவெடுக்க ஒரு காது வேணுமே. உன்கிட்ட மிச்சமிருக்கறது காது இல்ல, வாட்டுன வாழைப்பூ" என்றாள் ஜோஸ்லின்.

"எங்க குடும்பத்துக்கே ஒரே மாதிரி காதுதான். வேணும்னா அவங்க ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்றான் ஹோசியா.

'அவங்க' என்றது அக்கா மேபலை. அவள் பெயரை அவன் கடைசியாகச் சொன்னது பன்னிரண்டு வயதில். அதற்குப் பிறகு, அம்பே தீவில் கூடப்பிறந்த எந்த ஆணும் பெண்ணும் போல, அவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னதில்லை, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, ஒருவரையொருவர் கேலி செய்ததில்லை. வழியில் அவள் எதிரே வந்தால் அவன் புதருக்குள் இறங்கி நின்றான். சொல்ல வேண்டியது இருந்தால் மூன்றாவது ஆள் வழியாகச் சொன்னார்கள். அம்பேயின் எரிமலை சாம்பல் கொட்டிய வருடம் தீவே கப்பலேறி சாந்தோவுக்கு வந்தது. பிறகு மேபலும் அவள் புருஷன் அமோஸும் மகள் ஜூடித்தும் திரும்பிப் போனார்கள், ஹோசியா ஆலை வேலையோடு தங்கிவிட்டான். இப்போது மேபல் ஆஸ்திரேலியாவில் காய் பறிக்கும் வேலைக்குப் போக விசாவுக்காக வந்து, ஹோசியாவின் வீட்டுக்கு அரை மைல் தள்ளி ஒரு சொந்தக்காரர் வீட்டில் காத்திருந்தாள்.

பட்டறையில் ஹோசியா ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மேபல் வாசலோரம் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நடுவில் ஹோசியாவின் மனைவி ஐலீன்.

"ஐலீன், உன் புருஷன்கிட்ட சொல்லு. சின்னதுல என் காதைப் பிடிச்சுப் பிடிச்சுத் திருகுனாரே, இப்ப மொத்தமாவே எடுத்துக்கச் சொல்லு."

"கேட்டுச்சா?" என்றாள் ஐலீன், நாலடி தள்ளி இருந்த புருஷனிடம்.

"அவங்க கம்மல் ஓட்டையையும் சேத்துப் போட்டுடாம பாத்துக்கச் சொல்லு."

ஜோஸ்லின் அளவெடுக்கும் ஒரு கைவிளக்கை மேபலின் வலது காதைச் சுற்றி மெதுவாக நகர்த்தினாள். திரையில் காது புள்ளி புள்ளியாக எழுந்தது. கம்மல் ஓட்டையைக் கணினியில் அடைத்தாள். பிசின் எந்திரம் அந்தக் காதின் அச்சை இரண்டு பாதியாக, நானூறு ஏட்டில், ஒரு பகலெல்லாம் வளர்த்தது. தோல் நிறம் கலந்த ரப்பர் குழம்பை அதில் ஊற்றி இறுக்கி எடுத்தபோது, கம்மல் இருந்த இடத்தில் கடுகளவு ஒரு பள்ளம் மிச்சமிருந்தது. பசை வைத்து ஒட்டினாள். கண்ணாடி நின்றது.

அன்று சாயங்காலம் ஹோசியாவுக்கு வலது பக்கத்தில் வாழைக்காய் தோல் சீவும் சத்தம் கேட்டது. ஐலீன் அப்போது துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ முணுமுணுத்துப் பாடினார்கள். அம்மா தோட்டத்தில் பாடுவது. அந்தப் பாட்டு தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். மறுநாள் பட்டறைக்கு ஓடினான். ஜோஸ்லின் காதைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தும் பார்த்தாள்.

"இதுல ஒயரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வெறும் ரப்பர். இது கேக்கறதுக்கு இல்ல, கண்ணாடி மாட்டறதுக்கு."

"கண்ணாடியும் நிக்குது. அவங்க சமைக்கறதும் கேக்குது."

"அப்ப சமையல் நடக்கறப்ப கழட்டி வை" என்றாள் ஜோஸ்லின். அவளுக்கு அன்று மூன்று தாடை அச்சு முடிக்க வேண்டியிருந்தது.

ஹோசியா சமையல் நேரத்தில் மட்டுமல்ல, எல்லா நேரமும் கழற்றி வைத்தான். அக்காவின் வீட்டுப் பேச்சைத் தம்பி கேட்பது, அவள் குளிக்கும் ஓடையில் போய் நிற்பதற்குச் சமம். காதை ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு மூடி, கண்ணாடியைப் பழையபடி தூண்டில் நரம்பால் கட்டிக்கொண்டான். மேபல் விமானம் ஏறிய அன்றுதான், நல்லபடியாகப் போய் இறங்கினாளா என்று தெரிந்துகொள்ள ஒருதரம் எடுத்து ஒட்டினான். எஞ்சின் இரைச்சல் கேட்டது. பக்கத்து இருக்கைக் குழந்தை அழுதது. சக்கரம் தரையைத் தொட்டது. கழற்றக் கை போனது. அப்போது அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள். கை அப்படியே நின்றது.

அதன் பிறகு அவன் அதைக் கழற்றவில்லை. இடது பக்கம் ஆலையின் பிழியெந்திரமும் வலது பக்கம் குயின்ஸ்லாந்தின் குடைமிளகாய்க் கொட்டகையுமாக அவன் நாட்கள் போயின. காய்களை நகர்த்தும் பட்டை ஓடும் சத்தம் வந்தது, மேற்பார்வையாளன் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினான், காய்களைத் தரம் பிரிக்கும் எந்திரத்தின் ரப்பர் விரல்கள் டப் டப்பென்று அடித்தன. அந்த விரல்களும் அச்சடித்தவைதான் என்று அங்கே யாரோ யாருக்கோ சொன்னது கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐலீன் போன் போடுவாள். மேபல் சிரித்துக்கொண்டே, "எல்லாம் நல்லா இருக்கு. ரூம் நல்லா இருக்கு. சாப்பாடு நல்லா இருக்கு" என்பாள். அந்த அறையின் கூரையிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர் ஹோசியாவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஜூலையில் அவள் கூட வேலை செய்த பெண்ணிடம், பூட்ஸ் ஓட்டை, ஈரக்காலோடு நின்று குளிர் எலும்பில் ஏறுகிறது என்று சொன்னாள். பெற்ற மகளிடமோ கட்டிய புருஷனிடமோ சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெந்தெகோஸ்ட் தீவுக்காரன் ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் பூட்ஸை அவளிடம் கொடுத்தான். அவள் காலுக்குச் சரியாக இருந்தன. யார் கொடுத்தது என்று கேட்டாள். எண்ணெய் ஆலை ஹோசியா என்றான். பூட்ஸைக் காலில் மாட்டும் உரசல் மட்டும் கேட்டது. பிறகு அவள், இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு, அவனிடம் நேராகப் பேசினாள்.

"தம்பி. கேக்குதில்ல? எனக்குத் தெரியும், நீ சின்னதுலயே ஒட்டுக்கேக்கற ஆளு. பதில் சொல்லாத. சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. நான் என் காதுகிட்ட பேசறேன், என் காதுகிட்ட நான் பேசக்கூடாதுன்னு எந்தத் தலைவரும் சொல்லல."

அன்றிலிருந்து தினமும் பேசினாள். வரிசையில் குனிந்து பறித்துக்கொண்டே, மேற்பார்வையாளனின் தொப்பையைப் பற்றி, கடையில் விற்கும் சேப்பங்கிழங்கு கல் மாதிரி இருப்பதைப் பற்றி, ஜூடித்தை மேல்படிப்புக்கு அனுப்புவதைப் பற்றி. சின்ன வயதில் அவன் வாயடைத்துப்போகும்படி கேலி செய்தவள், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ஹோசியா எந்திரத்தடியில் படுத்தபடி தனியாகச் சிரித்தான். ஆலையில் அவனை விநோதமாகப் பார்த்தார்கள். ஐலீன் காரணத்தைச் சொன்னதும் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

செப்டம்பரில் ஹோசியாவுக்கு வேறொன்று கேட்டது. மேபல் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அவள் நாடி அவள் காதிலேயே துடிக்கும், அது அவனுக்கும் வரும். முதலில் அது நிதானமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் மெல்லிய சீறல் ஒன்று சேர்ந்துகொண்டது. பம்ப் பார்த்தே பழகியவனுக்கு அந்தச் சீறலை யாரும் விளக்க வேண்டியதில்லை. வால்வு சரியாக மூடவில்லை. தள்ளியது பின்னால் கசிகிறது. இரண்டு நாள் அதைக் கேட்டபிறகு ஐலீனிடம் சொன்னான். ஐலீன் போன் போட்டாள்.

"மதினி, நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணல. எல்லாம் நல்லா இருக்கு." போன் வைத்ததும் மேபல் அவனிடம் சீறினாள். "பொண்டாட்டிகிட்ட போய்ச் சொன்னியா? இன்னும் பதினோரு வாரம்தான். முடிச்சுட்டு வந்துடறேன். நீ வாயை மூடிக்கிட்டுக் கேளு."

அதில் ஒன்பதாவது வாரம் அவள் வரிசையில் விழுந்தாள். வண்டிச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு ஒரு டாக்டர் மெதுவாக, நல்ல மனிதன் பேசுவது போலப் பேசினான். சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இருதயத்தின் வால்வைத் தின்றிருக்கிறது. அதை அவளும் ஹோசியாவும் ஒரே நொடியில் தெரிந்துகொண்டார்கள். பிரிஸ்பேனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு நாள் மேஜைமேல் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. படம் பிடித்த அவள் இருதயத்தை அறுவை மருத்துவர் அதே அளவில், தெளிந்த பிசினில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். உண்மையானதைத் திறப்பதற்கு முன்னால் இதை வெட்டிப் பழகிக்கொள்வார்களாம். அவளிடமே கொடுத்து, எங்கே கசிகிறது என்று காட்டினார். அவர் போனபிறகு மேபல் அதைக் காதோரம் வைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. காலிச் சிப்பியை வைத்தது போல ஒரு காற்று கேட்டது.

"தம்பி, கையில வச்சிருக்கேன். நம்ம மாங்காய் அளவுதான் இருக்கு. இதை வச்சுக்கிட்டா இவ்வளவு பேச்சு பேசுனேன்?" கொஞ்சம் நிறுத்தி, "ஜூடித்தைப் பாத்துக்க. தாய்மாமன் நீதான். அமோஸ் நல்லவரு, ஆனா எதையும் ரெண்டு தரம் சொன்னாத்தான் புரியும்" என்றாள்.

அறுவை ஆறு மணி நேரம் நடந்தது. ஹோசியாவுக்கு அப்போது ஒன்றும் கேட்கவில்லை. மயக்க மருந்தின் தூக்கத்தில் அவள் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் எந்திரங்களின் கீச்சொலி மெல்லத் திரும்பி வந்தது. இரண்டு பேர் தாழ்ந்த குரலில், இனி எழமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். ஹோசியா ஆலை அலுவலகத்துக்கு ஓடி, எண்ணெய்க் கையோடு போனை எடுத்தான். அந்தப் பக்கம் ஒரு சமோவாக்கார நர்ஸ்.

"நான் அவங்க தம்பி. போனை அவங்க காதுகிட்ட வையுங்க."

"வைக்கறேன் பிரதர். ஆனா அவங்களுக்குக் கேக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"நான் சொல்றேன். வலது காதுல வையுங்க."

துணி உரசியது. ஹோசியா வாயைத் திறந்தான். பன்னிரண்டு வயதிலிருந்து அடைத்து வைத்திருந்த பெயர் முதலில் வரவில்லை; தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல், கம்பி வழியாக இரண்டாயிரம் கிலோமீட்டர் போய், மெலிந்து நடுங்கி, அவனுடைய வலது காதிலேயே வந்து விழுந்தது. அவளுக்குக் கேட்கிறது.

"மேபல்" என்றான். மேபல் என்று வலது காதில் கேட்டது. "மேபல், நான் ஹோசியா. ஜூடித் பள்ளிக்கூடத்துல ரெண்டாவதா வந்திருக்கா. அமோஸ் கூரையை முடிச்சுட்டாரு. நீ திட்டுனது, கேலி பண்ணுனது, பாடுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சுக்கா. இங்க எல்லாம் நல்லா இருக்கு. மேபல். எல்லாம் நல்லா இருக்கு." அவனுடைய ஒவ்வொரு சொல்லும் ஒரு மூச்சு தாமதமாக அவள் வழியாகத் திரும்பி வந்தது. ஜூடித் இரண்டாவதாக வந்தது உண்மை. கூரை முடியவில்லை. கீச்சொலி நீண்டு ஒரே கோடாக ஆகும்வரை அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒரு பொத்தானை அமுக்கியதும் அது நின்றது.

ஆனால் காது நிற்கவில்லை. அன்று முழுதும் சக்கரக் கட்டிலும் லிஃப்ட் மணியும் கேட்டன. பிறகு ஐந்து நாள் குளிர்ப்பெட்டியின் உறுமல். ஐலீன் காதைக் கழற்றி வைக்கச் சொல்லி மன்றாடினாள். அக்காவைத் தனியாக விட முடியாது என்று ஹோசியா சொல்லிவிட்டான். விமானத்தின் வயிற்றுக்குள் காதால் அவளோடு வந்தான், லுகன்வில் துறையில் பெட்டியைக் கப்பலில் ஏற்றும்போது உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கேட்டான், அம்பேயின் மேற்குக் கரையில் பெண்கள் எழுப்பிய ஓலத்தை இரண்டு காதாலும் கேட்டான்.

பெட்டியோடு ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தப் பிசின் இருதயத்தையும் அனுப்பியிருந்தார்கள். அதையும் கூடவே புதைக்கலாமா என்று அமோஸ் இரண்டு தரம் கேட்டான். ஒரு ஆளுக்கு ஒரு இருதயம்தான் புதைக்க வேண்டும் என்று பாதிரியார் முடிவாகச் சொன்னார். அது ஜூடித்தின் புத்தகப் பலகைக்குப் போனது. அக்காவின் பெயரைச் சொன்ன குற்றத்துக்கு ஹோசியா தானாகவே தலைவர் விராவின் முன்னால் ஒரு கொம்பு வளைந்த பன்றியைக் கொண்டுவந்து கட்டினான். தலைவர் அதை மறுக்கவில்லை. "வழக்கம் வழக்கம்தான்டா. எத்தன தரம் சொன்ன?" என்றார். எண்ணவில்லை என்றான். "அப்ப ஒரு பன்றி பத்தாது. ஆனா போதும்" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்துப் பன்றியை வாங்கிக்கொண்டார். சிவப்புப் பாய்களில் சுற்றி அவளை இறக்கினார்கள். மண் விழும் சத்தம் ஹோசியாவுக்கு மேலிருந்து கேட்டது.

சாந்தோவுக்குத் திரும்பிய பிறகும் கேட்டது. அதிகமாக ஒன்றும் இருக்காது. வேர் நகர்வது போல ஏதோ ஒன்று, நண்டு தோண்டுவது, தூரத்தில் கடல். மழை பெய்தால் முதலில் மேலே தட்டும், பிறகு கீழிறங்கி வரும். அம்பேயில் மழை பெய்கிறதா என்று கப்பல் மாலுமிகள் அவனைக் கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவள் இறந்த நூறாம் நாள் விருந்துக்கு முன்பே ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்தக் கரையில் போன் கோபுரம் வெயில் இருந்தால்தான் வேலை செய்யும். கல்லறை எல்லா நாளும் வேலை செய்தது. அமோஸ் கல்லறைக்கு வந்து கூரைக்குப் பத்துத் தகரம் வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னான், அடுத்த கப்பலில் பத்துத் தகரம் வந்தது. ஒரு சித்தப்பா மகன் படகு எஞ்சின் கேட்டான். அதை மட்டும் ஹோசியாவுக்குக் கேட்கவில்லை. கல்லறைப் பக்கம் வம்பு பேசுவதைப் பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். ரப்பர் காது இரண்டு வருடத்தில் ஓரம் கிழிந்தது. ஜோஸ்லின் அதே அச்சில் வேறொன்று ஊற்றித் தந்தாள், அதிலும் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் நாலு பேர் அவளிடம் காது வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் யாருக்கும் கண்ணாடி மாட்டியதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஜூடித் பள்ளி விட்டு வரும்போது தினமும் கல்லறையோரம் உட்கார்வாள். அவளுக்குத் தேவையானவற்றை அம்மாவிடம்தான் சொன்னாள். நோட்டு, விளக்கு, பெண்பிள்ளைகளுக்கு வேண்டியவை. தாய்மாமன் அவற்றை ஐலீனின் கையால் கட்டி அனுப்பினான். சில நாள் கணக்குப் பாடத்தை உரக்கப் படித்தாள். சில நாள் அழுதாள். அப்போதெல்லாம் ஹோசியா செய்கிற வேலையை விட்டு, கையைத் துடைத்து, அழுகை முடியும்வரை நின்றான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கொப்பரை லாரிகள் ஆறேழு ஆலை வாசலில் வரிசையாக நின்றிருந்தன. பிழியெந்திரம் ஓடவில்லை. ஹோசியா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சுவிட்சுப் பலகை முன்னால் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தான். வலது காதில் மெல்லிய மூச்சு சீராக வந்து வந்து போனது. கல்லறைமேல் கன்னத்தை வைத்து, பாடம் படித்துக்கொண்டிருந்த பெண் தூங்கிப்போயிருந்தாள். முதல் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மேலாளர் வெளியே வந்து கையைக் காட்டினார்.

"என்னய்யா, எந்திரம் ரிப்பேரா?"

"இல்லப்பா. அவன் மருமக அங்க தூங்குறா. எழுந்திரிக்கட்டும்."

லாரிக்காரன் பின்னால் இருந்தவனுக்குச் சொன்னான், அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கடலோர மரத்தடி நிழலில் போய், சத்தம் போடாமல் உட்கார்ந்தார்கள்.